கடலுக்குப் போகும் முன் பேசுகிற பங்கு

ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரும் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டையை வீட்டுக்குள் கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். தண்ணீர்ப் பானையின் மூடியை ஈரத்துணியால் துடைப்பது காலையில் என் முதல் வேலை. ஒரு சுற்றுத் துடைத்தால் துணியில் கறுப்பாக ஒரு வளையம் விழும். துறைமுகத்தில் கரி இறக்குகிற நாளில் வளையம் தடிமனாக இருக்கும். இறக்காத நாளில் மெலிந்துவிடும். கப்பல் வந்திருக்கிறதா இல்லையா என்று அந்தத் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் கரி வேலை. அம்மா கரித்தூசியைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் சேர்ந்தாற்போலப் பத்து நாள் கப்பல் வராவிட்டால், "என்னா, கப்பலே காணோம்?" என்று முதலில் கேட்பவளும் அவள்தான். தூசியைத் திட்டிய அதே வாய்தான். இதில் முரண்பாடு இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பிற்பாடு இந்த வேலைக்கு வந்து, கூட்டங்களில் உட்கார்ந்து, "மக்கள் கரியை எதிர்க்கிறார்களா, ஆதரிக்கிறார்களா?" என்று யாராவது என்னிடம் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

என் வேலைக்குப் பெயர் களப்பணி. ஊரில் எனக்குப் பெயர் 'மனு எழுதுற அக்கா'. 1990களின் தொடக்கத்தில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் போனேன். பிறகு ரேஷன் கார்டு, தண்ணீர் லாரி, பட்டா. அப்புறம் தூசி, சாம்பல், எண்ணெய். ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், காட்டுக்குப்பம், அத்திப்பட்டு என்று பஸ் போகிற வழியெல்லாம் என் மனுக்களும் போயின. அனல் மின்சாரத்திலிருந்து தூய மின்சாரத்துக்கு மாறுவதில் மக்களின் பங்கு என்ன என்று இப்போது பெரிய பெரிய இடங்களில் பேசுகிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கற்றது நேரம். புதிதாக வந்தபோது ஒரு குப்பத்தில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டேன். நாலு பாட்டிகளும் ஒரு நாயும் வந்தார்கள். ஆண்கள் விடியற்காலையில் கடலுக்குப் போய்த் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மீன் கூடையோடு மார்க்கெட்டில். "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று என் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகுதான் ஊரின் கடிகாரத்தைப் பழகினேன். கடல்தொழில் செய்கிறவர்களை மாலையில் வலை பின்னும் இடத்தில் பிடிக்கலாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது நிதானமாகப் பேசுவார்கள். ஊர் 'பவர் ஹவுஸ்' என்று சொல்கிற அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களை ஷிப்ட் முடிந்து டீக்கடையில் பார்க்க வேண்டும். ஓவர்ஹாலிங் நடக்கிற மாதத்தில் அவர்களை எதிர்பார்க்கவே கூடாது, அதுதான் அவர்களுக்குக் கை நிறைய வேலை. ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு நேரம் குறிப்பது தண்ணீரின் ஏற்றவற்றம். நாட்காட்டி அச்சடித்து எல்லோருக்கும் ஒரே நேரம் சொல்கிற கூட்டத்துக்கு, அந்த நேரத்தில் வேலை இல்லாதவர்தான் வருவார். அவர் பேசுவதுதான் 'மக்கள் கருத்து' என்று பதிவாகும்.

இரண்டாவது பாடம் 2011இல் கிடைத்தது. ராயபுரம், காசிமேடு பக்கத்து மக்கள் எத்தனையோ வருடம் கரித்தூசிக்கு எதிராக மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுக்களில் சில என் கையெழுத்தில் இருந்தவை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவதை அக்டோபர் 1 முதல் நிறுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் தெருவில் கேசரி கிண்டினோம். துறைமுகத் தொழிலாளர்கள் பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது. நைனா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கேசரியை வாங்கிக்கொண்டு, "கப்பல் நிக்காதும்மா, வேற கரைக்குப் போவும்" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து எண்ணூர் போயிருந்தேன். மீன் விற்கிற ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார். ராயபுரத்தில் இப்போது பானை மூடி சுத்தமாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கூடையிலிருந்த மீனின் மேல் தண்ணீர் தெளித்தபடியே கேட்டார்: "உங்க கரி எங்க வந்துக்கீது தெரியுமா?"

தெரிந்ததுதான். வடக்கே இருக்கிற எண்ணூர்த் துறைமுகத்துக்கு. 2001இல் தொடங்கிய துறைமுகம் அது. அனல் மின் நிலையங்களுக்குக் கரி இறக்குவதுதான் அது பிறந்த காரணம். பின்னாளில் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. மனுவில் 'நிறுத்த வேண்டும்' என்று எழுதியிருந்தேன். எங்கே நிறுத்துவது, அங்கிருந்து எங்கே போகும், போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. எண்ணூர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

அதன்பிறகு என் வேலை பெரும்பாலும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றியே ஆயிற்று. அந்த வட்டாரத்தை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கரி வெட்டியெடுப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கப்பலில் வருகிற கரியை இறக்கி எரிக்கிறார்கள், அவ்வளவுதான். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், 1994க்கும் 1996க்கும் இடையில் வந்தது. இரண்டாம் கட்டம் 1,200. வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் சேர்ந்து கட்டியது 1,500. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் மூன்றாம் கட்டமும் திறக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல். எரித்தால் சாம்பல் மிஞ்சும். நம் நாட்டுக் கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது நாற்பது கிலோ வரை சாம்பலாக நிற்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் எங்கே கசிந்தாலும் சாம்பல் இறங்குவது கொசஸ்தலை ஆற்றில்.

காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னை ஒருமுறை படகில் அழைத்துப் போனார். கையில் ஒரு மூங்கில் கழி. அதில் கத்தியால் வெட்டிய அடையாளங்கள் இருந்தன. ஆற்றின் நடுவில் ஓரிடத்தில் கழியை இறக்கினார். "இந்த எடத்துல எங்க அப்பா நின்னா கழுத்து முங்கும்" என்று மேல் அடையாளத்தைக் காட்டினார். தண்ணீர் அதற்கு மிகவும் கீழே இருந்தது. கழியைக் கொஞ்சம் அழுத்தினார். அது மேலும் இறங்கியது, நிற்கவே இல்லை. வெளியே இழுத்தபோது கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தது. வெயிலில் இரண்டு நிமிடத்தில் காய்ந்து, ஊதினால் பறந்தது. "சேறுன்னா ஒட்டும். இது ஒட்டாது. இதுல எறால் எங்கம்மா குடியிருக்கும்?"

அந்தக் கழியைப் பார்க்கும்வரை 'ஆறு மாசுபட்டுள்ளது' என்றுதான் நான் எழுதுவேன். அதற்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'பரிசீலிக்கப்படும்' என்றால் போதும். கழியைப் பார்த்த பிறகு எழுதும் விதம் மாறியது. எந்த இடம், என்ன ஆழம் இருந்தது, இப்போது என்ன ஆழம், யார் அளந்தது, எந்தத் தேதி, போட்டோ. மீனவர்களே தேதி போட்டுப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆற்றில் சாம்பல் சேர்ந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நிபுணர் குழு வந்து ஆற்றையும் சதுப்பையும் ஆய்ந்தது. 2022இல் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றவும் கழிமுகத்தைச் சீரமைக்கவும் உத்தரவிட்டது. நிபுணர்கள் கருவிகளோடு வந்து சொன்னதை அந்த மூங்கில் கழி பல வருடம் முன்பே சொல்லிவிட்டது. மக்களிடம் கேட்பது என்றால் 'உங்களுக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்பது என நினைக்கிறார்கள். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் வரும் பதில் வேறு.

2017 மார்ச் 31ஆம் தேதி எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. 1970இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது; ஐந்து அலகும் சேர்ந்து 450 மெகாவாட். எர்ணாவூர், கத்திவாக்கம் பிள்ளைகளுக்கு அந்தப் புகைபோக்கிகள்தான் திசைகாட்டி. பழசாகிவிட்டது, ஓட்டக் கட்டுப்படியாகவில்லை, மூடினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியிருந்தது. ஊர் முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. பவர் ஹவுஸ் மூடியது அதற்குள் அமுங்கிப்போனது.

எனக்கு மறக்காதது ஒரு வீடு. அண்ணன் ஆற்றுத் தொழில். தம்பி அந்த நிலையத்தில் காண்ட்ராக்டில் சாம்பல் பிரிவில் வேலை பார்த்தவர். அண்ணனின் வலையில் சாம்பல்; தம்பியின் சம்பளத்திலும் அதே சாம்பல். ஒரே அடுப்பு. நிலையம் மூடுகிறது என்ற செய்தி வந்த வாரம் நான் அங்கே போனேன். அண்ணன், "ஒண்ணு ஒயிஞ்சுது" என்றார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி எனக்கு டீ ஊற்றிக்கொண்டே, "இவரு எறால் கொறஞ்சப்ப வீட்ட ஓட்டினது அவரு. இப்ப அவருக்கு வேலை போச்சுன்னா இவரு எறால் திரும்ப வந்துடுமா?" என்றார். கரி, தூய மின்சாரம், மாற்றம் என்று நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. நிலையத்தை மூடியதும் ஆறு மறுநாளே ஆழமாகிவிடாது. ஆனால் சம்பளம் மறுநாளே நின்றுவிடும். இந்த இடைவெளியில் ஒரு குடும்பம் எதைத் தின்னும் என்பதுதான் கேள்வி.

நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் இருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களின் கதை வேறு. நான் ஒரு நோட்டு வாங்கினேன். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பெயர் எழுத ஆரம்பித்தேன். எந்த ஆலை, எந்தக் காண்ட்ராக்டர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் எந்தக் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் இதே நோட்டுதான் கிடைக்கும். இருபது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர், ஆனால் அவரிடம் இருப்பது மூன்று வேறு காண்ட்ராக்டர் பெயரில் மூன்று கேட் பாஸ். ஒன்றில் பெயரே தப்பு. ஒருவருக்கு பி.எஃப். பிடித்தார்கள், எந்தக் கணக்கில் என்று தெரியாது. இன்னொருவரிடம் எதுவுமே இல்லை. பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி என்று அவர் காட்டியது முழங்கையில் சுட்ட தழும்பு. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத எழுத ஒன்று புரிந்தது. 'தொழிலாளி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். கையில் தொழில் இருக்கிறது. சாம்பல் அள்ளுகிறவர், கன்வேயர் அடியில் சிந்திய கரியைக் கூட்டுகிறவர், கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள், கேட்டில் இட்லி விற்கிற ஆயா, இவர்களின் வேலை அந்தச் சுவருக்குள்ளும் வெளியிலுமாகவே இருந்தது. சுவரோடு போய்விடும். அந்த நோட்டு மூடும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டியது. மூடிய பிறகு எழுதியதால் பாதிப் பேரை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

பிறகு பயிற்சிப் பட்டறைகள் வர ஆரம்பித்தன. நகரத்தில் ஏசி ஹால், சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. 'நீதியான மாற்றம்' என்று ஒரு சொல் புதிதாக வந்தது. நல்ல சொல்தான். ஒருமுறை குப்பத்துப் பெண்கள் பத்துப் பேரை அழைத்துப் போயிருந்தேன். பேச வந்தவர் ஆங்கிலத்தில் சொன்னதை இன்னொருவர் தமிழாக்கினார்: "நீங்கள் எல்லோரும் இந்த மாற்றத்தின் பங்குதாரர்கள்." பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கை தூக்கினார். "பங்குதாரர்னு சொல்றீங்க. எங்களுக்கு எவ்ளோ பங்கு?"

ஹால் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. பங்கு என்பது எங்கள் பக்கத்தில் காசு. படகு கரைக்கு வந்தால் மீனை விற்று, டீசல், ஐஸ் செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். இந்தக் கணக்கைக் கடலுக்குப் போகும் முன்பே பேசிவிடுவார்கள். கரைக்கு வந்த பிறகு பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். மீன் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது யாரும் நியாயம் பேச மாட்டார்கள். ஆற்றிலும் அப்படித்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் எந்த ஊர், யாருடைய முறை என்று முன்கூட்டியே ஊர் வகுத்து வைத்திருக்கும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது; முறை சுற்றி வரும். அந்த ஹாலில் மூன்று நாள் பேசியவர்களில் யாருக்கும் இது தெரியாது. பத்துப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது மதிய உணவுக்கு முந்தைய இருபது நிமிடம்.

பொதுக் கருத்துக் கேட்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறபடி முப்பது நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு கிடையாது. அது ஓட்டெடுப்பும் இல்லை. எழுபது பேர் வேண்டாம் என்று சொல்லி, ஏழு பேர் வேண்டும் என்றாலும் இரண்டும் 'கருத்து'தான். புதிதாக வருகிற இளைஞர்கள் கைதட்டல் அதிகம் வாங்கினால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

ஒரு கேட்பில் பந்தல் நிறைய முகம் தெரியாத ஆட்கள். முன்வரிசை நாற்காலிகள் காலை எட்டு மணிக்கே நிறைந்திருந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலில். மதியம் பிரியாணிப் பொட்டலம் வந்ததும் பந்தல் காலியானது. எங்கள் ஆட்களும் தொண்டை கட்டக் கத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்துக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்க அன்று அங்கே ஒருவரும் இல்லை. நானும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். பின்னால் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தால், எங்கள் ஊர் அக்கா அரை மணி நேரம் அழுது பேசியது 'மாசு குறித்துக் கவலை தெரிவித்தார்' என்று ஒரே வரியில் இருந்தது. அதிலிருந்து என் பழக்கம்: காலையில் யார் முதலில் பேசுவது என்று சண்டை போடமாட்டேன். கடைசிக் குறிப்பைப் படிக்கும்வரை பத்துப் பேர் நாற்காலியை விட்டு எழக்கூடாது. பேசுகிறவர் பேசியதை எழுதியும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

2024 டிசம்பரில் எர்ணாவூரில் ஒரு கருத்துக் கேட்பு நடந்தது. மூடிய எண்ணூர் அனல் மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட்டில் புதிய நிலக்கரி அலகு, விரிவாக்கம் என்ற பெயரில். பாதியில் நின்றுபோன பழைய திட்டம்தான் மறுபடி வந்தது. எதிர்ப்புக் குரல்கள் ஓங்கியே ஒலித்தன. எனக்கு அன்று வேறொரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் நிலையம் மூடியது. கடலோரத்தில் நிலம், மின் கம்பித் தொடர்பு, ரோடு, வேலை தெரிந்த ஆட்கள், எல்லாம் அங்கேயே இருந்தன. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று ஏழு வருடத்தில் ஒரு கூட்டமாவது ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் நூறு யோசனை வந்திருக்கும். கேட்டதெல்லாம் 'கரி வேண்டுமா வேண்டாமா' என்பதுதான். சமைத்து இறக்கிய பிறகு 'உப்பு போடட்டுமா' என்று கேட்கிற மாதிரி.

தூய மின்சாரம் வருகிறதே, அதில் வேலை கிடைக்காதா என்று கேட்பார்கள். வருகிறது. எங்கே? காற்றாலை முப்பந்தலில், ஆரல்வாய்மொழியில். ராமநாதபுரம் கமுதியில் 2016இல் வந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். மூடிப்போன எண்ணூர் நிலையத்தைவிடப் பெரியது. காற்றும் வெயிலும் இடமும் தெற்கே. சாம்பலும் சம்பளமும் வடசென்னையில். ஒரு பக்கம் மூடி இன்னொரு பக்கம் திறந்தால் மாநிலத்தின் கணக்கில் சமமாகிவிடும். எர்ணாவூர் அடுப்பின் கணக்கில் ஆகாது. கூரையில் சோலார் போட மானியம் உண்டே என்றார் ஒருவர். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் மாடிக்கு மாடி அடுக்கிய வீடுகள். கூரை யாருடையது? அங்கே பல வீட்டுக்காரர்கள் இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். அவர்களிடம் சோலார் நோட்டீஸை நீட்டியபோது, "இத மடிச்சா குழந்தைக்குக் கப்பல் செய்யலாம்" என்றார் ஒரு தாத்தா.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கரி வெட்டுகிற மாவட்டங்களுக்கு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று, மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. ஒடிசாவின் அங்குல், சத்தீஸ்கரின் கோர்பா போன்ற ஊர்களுக்கு அந்த நிதி போகிறது. ஜார்க்கண்ட் அரசு கரியிலிருந்து மாறுவதைத் திட்டமிட 2022இல் தனிக் குழுவே அமைத்தது. எங்கள் ஊரில் கரி வெட்டவில்லை, எரிக்கிறோம். எரிக்கிற ஊருக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. ஒரே கரிதான், தோண்டிய இடத்துக்குக் கணக்கு உண்டு, சாம்பலாகிற இடத்துக்கு இல்லை.

மற்ற நாடுகளின் கதையும் கேட்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி என்ற அனல் மின் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். உலக வங்கிப் பணம் வந்தது, பயிற்சி மையம் வந்தது, உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். ஆனால் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் வேலை போய்விட்டது, எங்களைச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் சொன்னார்கள். பணம் வந்தும் அங்கே பேச்சு பிந்தியே நடந்தது. படகு கரைக்கு வந்த பிறகு பங்கு பேசியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கே திரும்பி வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கியது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து இரவோடு இரவாக மக்கள் ஓடினார்கள். எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. யார் மீனவர் என்பதைப் பட்டியல்தான் முடிவு செய்தது. கையால் இறால் பிடிக்கிற ஒரு இருளர் அம்மாவுக்குப் படகு இல்லை, வலை இல்லை, அடையாள அட்டை இல்லை. இருந்ததெல்லாம் எண்ணெய் அப்பிய இரண்டு கை. என் பழைய நோட்டு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. கரி நின்றாலும் எண்ணெய் வந்தாலும் புயல் அடித்தாலும் முதலில் தேடுவது பெயர்ப் பட்டியலைத்தான். எழுதப்படாத ஆள் எந்தப் பங்கிலும் வரமாட்டார்.

எனக்கு இப்போது முழங்கால் வலி. படகில் ஏறி இறங்க ஒரு ஆள் பிடிக்க வேண்டும். ஆனாலும் போன தடைக்காலத்தில் புதிதாக ஒரு நோட்டு வாங்கினேன், 400 பக்கம், கெட்டி அட்டை. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்ட அலகுகளுக்கு முப்பது வயது ஆகிவிட்டது. 2017ஐப் போல ஒரு மார்ச் 31 என்றைக்காவது வரும். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கட்டம் போட்டேன். பெயர், என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை காண்ட்ராக்டர், கையில் என்ன சீட்டு இருக்கிறது, வீட்டில் வேறு யார் என்ன தொழில், ஆற்றில் யாராவது இறங்குகிறார்களா. கடைசிக் கட்டத்துக்கு மேலே 'வேறு என்ன தெரியும்' என்று எழுதினேன். முன்பெல்லாம் 'வேறு என்ன வேண்டும்' என்று எழுதுவேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் நோட்டை எட்டிப் பார்த்தான். காக்கிச் சட்டை, கழுத்தில் கேட் பாஸ், கண் இமையில் கரி. முகம் மாறிவிட்டது.

"என்னாக்கா, மூடப்போறாங்களா?"

"இல்லப்பா. இப்போதைக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் பேர் எழுதுறீங்க?"

"இப்ப எழுதுனாத்தான் எழுத முடியும். கடலுக்குப் போவுறதுக்கு முன்னாடி பங்கு பேசுவாங்க இல்ல?"

அவன் காட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பேரன் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தன் பெயரைத் தானே எழுதினான். அடுத்த வரியில் அவன் தாத்தாவின் பெயர். தொழில் என்ற கட்டத்தில் 'ஆறு' என்று மட்டும் எழுதிவிட்டு ஷிப்டுக்கு ஓடினான்.